கழுத்தைப் பார்த்தேன், நாக்கைக் கேட்கவில்லை

அன்பு மகள் அன்னிகாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் குழந்தை சோரனும் சுகமாக இருக்க வேண்டும், மீன் பிடிக்கக் கடலுக்குப் போயிருக்கும் மாப்பிள்ளை பத்திரமாகக் கரை சேர வேண்டும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே அம்மா நலம். நான் பாதி நலம், மீதிப் பாதி சோரன் வயிறு நிறையக் குடித்தான் என்று உன் வாயால் கேட்ட பிறகுதான். ஊரில் மக்காச்சோள அறுவடை முடிந்துவிட்டது, ஆற்றுப் பக்கத்திலிருந்து குளிர்காற்று வர ஆரம்பித்துவிட்டது, வேறு சேதி எதுவும் எனக்கு மனதில் நிற்கவில்லை. இன்று காலை போனில் நான் உங்கள் தீவிலிருந்து ஆங்கரேஜ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு விமானம் ஏறு என்றதும் நீ, “என்னப்பா, போன வாரம் போகாதேன்னீங்க, இன்னிக்குப் போங்கறீங்க, நான் எந்த அப்பா பேச்சக் கேக்கறது” என்று கேட்டாய். நியாயமான கேள்வி. போனை எடுத்தாலே தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டராகிவிடுகிறேன் என்று அம்மா சொல்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். அவள் இதைப் படம் பிடித்து உடனே உன் போனுக்கு அனுப்புவாள், தாள் பின்னால் தபாலில் வரட்டும்.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாததா. என் அப்பாவும் கழுத்தையும் முதுகெலும்பையும் கையால் நீவி நிமிர்த்தும் கைரோபிராக்டர், அவருடைய அப்பாவும் கைரோபிராக்டர், குழந்தை பிறந்தால் கழுத்தைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் பெயரையே கேட்போம். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்களே, எனக்குக் கண்டதெல்லாம் கழுத்து. சோரன் ஒரு பக்கம்தான் குடிக்கிறான், மறுபக்கம் வைத்தால் விறைத்துக்கொண்டு அழுகிறான் என்று நீ சொன்னதும், பிரசவத்தில் கழுத்து இறுகியிருக்கும், நீவிவிட்டால் சரியாகும், அறுக்கிறேன் கிழிக்கிறேன் என்கிற ஆஸ்பத்திரிக்காரர்கள் பக்கம் போகாதே என்று சொல்லிவிட்டேன். உங்கள் தீவிலிருக்கும் அந்தப் பெண் கைரோபிராக்டர் நன்றாகத்தான் செய்திருக்கிறாள், பழுத்த தக்காளியைத் தொட்டுப் பார்க்கிற அளவுக்குத்தான் விரலை வைத்தாள் என்று நீ சொன்னபோதே நல்ல கை என்று நினைத்தேன். குழந்தை இப்போது இரண்டு பக்கமும் தலையைத் திருப்புகிறான், பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணே, வாயையும் டாக்டர் ஒருத்தர் பார்க்கட்டும் என்றாளாமே, அதை நீ என்னிடம் சொன்னபோது சின்னப் பெண், அவசரப்படுகிறாள் என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

கண்ணைத் திறந்தது உன் அம்மாதான். நீ பால் கொடுக்கும் வீடியோவை நான் பேரன் தலை திரும்புகிற அழகுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் சமையலறையிலிருந்து சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்து, “வெர்லின், அது என்ன டக்கு டக்குன்னு? பிடி விட்டு விட்டுப் போற சத்தமால்ல இருக்கு” என்றாள். நான் எல்லாக் குழந்தையும் அப்படித்தான் என்று மழுப்பினேன். அவள் விடுவாளா, ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து கீழ்த்தளத்தில் எல்லோரும் சாப்பிடும்போது என்னைப் பிடித்து இழுத்துப் போய் பெர்னடீன் முன்னால் நிறுத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் தாய்மார்களுக்குப் பால் கொடுக்கச் சொல்லித்தரும் நர்ஸ் பெர்னடீனை உனக்கு ஞாபகம் இருக்கும், வாயை அவள் பார்ப்பாள், கழுத்தை நான் பார்ப்பேன், இத்தனை வருஷம் குழந்தைகளை ஒருவரிடம் ஒருவர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தோம். கையில் உருளைக்கிழங்குத் தட்டோடு வீடியோவைப் பார்த்தவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். “கழுத்தப் பாத்தாச்சு, சரி. நாக்க யாரு பாத்தா? எட ஏறுதா?” என்றாள். குழந்தை சமர்த்து, குடித்ததும் தூங்கிவிடுகிறான் என்றேன். “வயிறு நிறைஞ்சு தூங்கல வெர்லின், உறிஞ்சிக் களைச்சுப்போய்த் தூங்குது. ஊரார் புள்ளைன்னா மொத நாளே எங்கிட்ட அனுப்பியிருப்பீங்க” என்றாள். அன்னிகா, என் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டேன்.

அதனால் இப்போது எழுதுவதைக் கேள். நான் வேண்டாம் என்று சொன்னதை நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் ஊர் டாக்டரிடம் இன்றே சோரனைத் தூக்கிப் போய் எடை பார், டயப்பர் சரியாக நனையவில்லை என்றாலோ எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ விமானத்துக்காகக் காத்திருக்காதே, நேரே அவசரப் பிரிவுக்குப் போ. ஆங்கரேஜ் போய்ச் சேரும்வரை பாலைப் பிழிந்து, ஊர் டாக்டர் சொல்கிற மாதிரி பாட்டிலிலோ கரண்டியிலோ கொடு, மார்பில்தான் குடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் இப்போது வேண்டாம், உனக்குப் புண்ணாகியிருப்பதையும் மறைக்காமல் சொல். நாக்குக்கு அடியில் சவ்வு ஒட்டியிருக்கிறதா, அறுக்க வேண்டுமா வேண்டாமா என்பதை ஆங்கரேஜில் வாயைப் பார்க்கிறவர்கள் சொல்லட்டும், எல்லா நாக்கையும் அறுக்க வேண்டியதில்லை என்று பெர்னடீனும் சொன்னாள். அந்தக் கைரோபிராக்டர் பெண்ணிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள், பிறகு டாக்டர் சரி என்றால் திரும்ப அவளிடம் போகலாம். அப்பா மனம் கோணுமே என்று நீ தயங்குவாய் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். என் மனம் கோணினால் நிமிர்த்திக்கொள்ள எனக்குத் தெரியும், அதுதானே என் தொழில். குழந்தை இளைத்தால் நான் என்ன செய்வேன்.

விமானத்தை நிறுத்திவைக்கிற உங்கள் தீவின் மூடுபனியை இங்கிருந்தபடியே போனில் பார்த்துப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன். நானும் அம்மாவும் டிக்கெட் கேட்டிருக்கிறோம். வந்தால் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறேன், நீ தூக்கச் சொன்னால்தான் தூக்குவேன், தூக்கினாலும் கழுத்தைத் தடவ மாட்டேன். கடவுள் உன்னையும் அந்தச் சின்ன வாயையும் காக்கட்டும், நூறு வருஷம் வாய் ஓயாமல் தின்று பேசி எங்களை எதிர்த்துக் கத்தட்டும். எடை பார்த்ததும் முதலில் அம்மாவைக் கூப்பிடு, நான் பக்கத்தில்தான் இருப்பேன். உன் பிறந்தநாள் வாழ்த்திலெல்லாம்கூட டாக்டர் என்று போட்டுத்தான் கையெழுத்திடுவேன் என்று கேலி செய்வாயே, இங்கேயும் பழக்கதோஷத்தில் எழுதி அடித்திருக்கிறேன், அந்த அடித்தலைப் பார்க்காதே, கீழே இருப்பதை மட்டும் படி.

உன் அப்பா
வெர்லின்