பொய் சொன்ன பிறகு போட்ட கணக்கு

தார்வாட்,
6 ஜனவரி 1992

அன்புள்ள தாட்சாயணிக்கு,

சௌக்கியமா? பெங்களூரில் புள்ளிவிவர ஆபீசில் நாற்காலி கிடைத்ததும் பழைய ரூம்மேட்டை மறந்துவிட்டாய். இப்போது எனக்கு உன் மூளை வேண்டும், அதனால் எழுதுகிறேன். வெட்கமெல்லாம் இல்லை.

என் எம்.ஏ. உளவியல் சோதனை இதுதான். ஹாஸ்டலில் பி.ஏ. முதலாண்டுப் பெண்கள் இருபது பேர். தன்மேல் தனக்கு எவ்வளவு நம்பிக்கை என்று ஒவ்வொருத்தியும் நூற்றுக்கு ஒரு மார்க் போடுவாள். பிறகு ஒரு புதிர்த்தாள். அதை எப்படி எழுதினாலும், "உனக்குத்தான் கடைசி இடம்" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன். பொய்தான். உடனே மறுபடி நம்பிக்கை மார்க். முன்பும் பின்பும் வந்ததை, இரண்டு கூட்டத்தின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்டில் போட்டால், பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை என்று வருகிறது. என் கைடு தேசாய் சார், "பொய் யாரையும் தொடலம்மா, அப்படியே எழுதிடு" என்கிறார்.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நீலவ்வா என்று கதக் ஊர்ப் பக்கத்துப் பெண், அன்றிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கே சரியாக வருவதில்லை. வேறு டெஸ்ட் ஏதாவது உண்டா? மார்க்குகளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன்,
விமலாட்சி


பெங்களூர்,
11 ஜனவரி

அடி அசடே,

இருபது பேரை நாற்பது பேராக்கி வைத்திருக்கிறாய்! முன்பு ஒரு கூட்டம், பின்பு வேறொரு கூட்டம் என்றால்தான் நீ போட்ட டெஸ்ட். உன் பெண்களில் முப்பது போடுகிறவளும் இருக்கிறாள், தொண்ணூறு போடுகிறவளும் இருக்கிறாள். அந்தப் பெரிய இடைவெளியில், அநேகமாக ஒவ்வொருத்தியும் இழந்த எட்டும் பத்தும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. அவளை அவளோடேயே ஒப்பிட வேண்டும். முன்பு போட்டதில் பின்பு போட்டதைக் கழி. அந்த வித்தியாசங்களை மட்டும் வைத்துச் செய்வதுதான் ஜோடி டெஸ்ட்.

நானே போட்டுப் பார்த்தேன். பயமாக இருக்கிறது விமலா. ஒருத்தி தவிர எல்லோரும் இறங்கியிருக்கிறார்கள். நீலவ்வா எழுபதிலிருந்து இருபதுக்கு.

டெஸ்ட் கிடக்கட்டும். பொய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டாயா, இல்லையா? அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

தாட்சா


தார்வாட்,
17 ஜனவரி

அன்புள்ள தாட்சா,

கோபித்துக்கொள்ளாதே. ஜோடி டெஸ்டைக் காட்டியதும் தேசாய் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "பிரமாதம்மா! ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தரம் அளந்துடு. அதுவரைக்கும் மூச்சு விடாதே. உண்மையைச் சொல்லிட்டா மூணாவது அளவு கெட்டுப்போயிடும்" என்றார். என் மார்க் அவர் கையில் இருக்கிறது. தலையாட்டிவிட்டேன்.

சங்கராந்தியன்று நீலவ்வா எள்ளும் வெல்லமும் கொண்டுவந்தாள். "தின்னுட்டு நல்ல வார்த்தை பேசுங்கக்கா" என்று இந்த ஊரில் அன்றைக்கு எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னாள். அப்புறம் மெதுவாக, "படிப்பு இவளுக்கு ஏறாதுன்னு அப்பா என் முதுகுக்குப் பின்னால சொல்லிட்டே இருப்பாரு. நீங்க அளந்தே பாத்துட்டீங்க" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. எள்ளை வாயில் போட்டுக்கொண்டு சும்மா நின்றேன்.

இன்னும் மூன்று வாரம்தானே. அதற்குள் என்ன ஆகிவிடும்?

விமலா


பெங்களூர்,
21 ஜனவரி

விமலா,

உன் மூன்றாவது அளவு நாசமாய்ப் போக. இதைப் படித்த கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் சொல். சொல்லாமல் எனக்குக் கடிதம் போடாதே.

தா.


தார்வாட்,
28 ஜனவரி

அன்புள்ள தாட்சா,

சொல்லிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே எல்லோரையும் கூட்டி உண்மையைச் சொன்னேன். சிலர் திட்டினார்கள், ஒருத்தி அழுதாள், நன்றாக வேண்டும் எனக்கு. தேசாய் சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் நீலவ்வா அங்கே இல்லை. முதல் நாளே அவள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப் போயிருந்தார். காலேஜிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. அடுத்த மாதம் கல்யாணமாம், சொந்தத்திலேயே.

பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்துபோயிருந்தாள் தாட்சா, மணிக்கட்டில் வளையல் நிற்கவில்லை. அவளுடைய புதிர்த்தாளையே கையில் கொடுத்தேன். "இந்தா பாரு, முக்கால்வாசி சரி. எல்லாருகிட்டயும் கடைசி இடம்னுதான் சொன்னேன். சோதனைக்காகச் சொன்ன பொய்டி அது" என்றேன்.

தாளைப் பார்க்கக்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு தூரம் பஸ்ல வந்து எனக்காகப் பொய் சொல்றீங்களே. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசுக்கா" என்றாள்.

எவ்வளவோ மன்றாடினேன். "அன்னைக்குத்தான் நீங்க மறைக்காம சொன்னீங்க. வீட்ல கூட யாரும் அப்படித் தைரியமா முகத்துக்கு நேரே சொன்னதில்ல" என்று எனக்கே ஆறுதல் சொல்லி, ரொட்டி கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

நீ லீவு போட்டுவிட்டு வா தாட்சா. நான் இனி என்ன சொன்னாலும் இரக்கப்பட்டுச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பாள். உன்னை அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் இதுவரை பொய் சொன்னதில்லை.

உன்,
விமலா