பேத்தி பிழைக்கவைத்த சிலந்திச் செடிகள்

என் அன்பு வீட்டுக்காரருக்கு,

பட்டணத்தில் நான் சுகம். முழங்கால் வலி தேவலையா? தைலம் தடவினேன் என்று பொய் சொல்லாதீர்கள்.

பேத்தியைப் பத்தாவதோடு நிறுத்திவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இதைக் கேளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

நான் கூட்டித் துடைக்கும் ஆபீசில் மேனேஜரம்மா சன்னலோரம் எட்டுத் தொட்டியில், புல் மாதிரி நீள இலை தொங்கும் சிலந்திச் செடி வளர்க்கிறார். இரண்டு மாத லீவில் போகும்போது, "இதெல்லாம் என் பிள்ளைங்க, பாத்துக்கோங்கம்மா" என்று ஒப்படைத்தார். பிள்ளையைப் பட்டினி போடலாமா? காலையும் மாலையும் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் இலையெல்லாம் மஞ்சள், அடியெல்லாம் கொழகொழ. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

பேத்திக்குப் போன் போட்டேன், தாத்தாவிடம் சொல்லாதே என்றேன். "பாட்டி, நீ வளக்கிறது செடியா மீனா?" என்று சிரித்தாள். பிறகு அழுகின வேரை வெட்டி, புது மண்ணில் நடச் சொன்னாள். விரலை விட்டுப் பார்த்து, மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர் என்றாள். பள்ளிக்கூடத்தில் படித்ததாம். டாக்டர் கெட்டார் போங்கள்! ஏழு பிழைத்தன.

நேற்று வந்த மேனேஜரம்மாவிடம் எதையும் மறைக்கவில்லை. "யாரும்மா இவ்வளவு சரியா சொல்லிக் கொடுத்தது?" என்றார். "பத்தாவது படிக்கிற என் பேத்தி" என்றேன். அப்போது ஒரு முழம் வளர்ந்துவிட்டேன்.

அஞ்சாவதோடு நின்றவள் சொல்கிறேன், அவளை நிறுத்தாதீர்கள். பதினொன்றாவதில் சேர்த்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். நாலு வரியாக இருந்தாலும் படிப்பேன், இங்கே பேச ஆளில்லை.

வேலைக்கு நேரமாச்சு.

உங்கள் வீட்டுக்காரி