நீதிபதி வின்ஷிப் ஆற்றைக் கடக்க வேண்டாம்

அனுப்புநர்
டேமரிஸ் பெக்வித்,
பெக்வித் விடுதி,
ஆல்டர்ஃபோர்டு, வெர்மான்ட்.

பெறுநர்
உயர்திரு மார்ஷல் (நீதிமன்றக் காவல் அதிகாரி) அவர்கள்,
கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம்,
வெர்மான்ட்.

பொருள்: நீதிமன்றத்தை அக்கரைக்கு மாற்றும் உத்தரவை நிறுத்திவைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதல் குடியரசுத் தலைவர் நியமித்த நீதிபதி எலிசர் வின்ஷிப் அவர்கள் பதினான்கு ஆண்டுகளாக, அக்டோபர்தோறும் குதிரையில் வந்து என் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நீதிமன்றம் நடத்துகிறார். அந்த நாட்களில் மது விற்பனையை நானே நிறுத்திவிடுவேன்.

2. சென்ற வாரம் கனடாவுக்குச் சரக்குக் கடத்திய வழக்கில் ஜூரிகள் பன்னிருவரையும் என் மாடியறையில் வைத்துப் பூட்டினீர்கள். முடிவு சொல்லும்வரை அவர்களுக்கு உணவும் குளிர்காய நெருப்பும் கூடாது என்பது சட்டம். இரண்டாம் நாள் நான் ஏணி வைத்து ஏறி, ஜன்னல் வழியே சோள ரொட்டி கொடுத்தேன். ஒருவர் சட்டையில் ஒட்டியிருந்த ரொட்டித் தூள் காட்டிக்கொடுத்துவிட்டது. அவர்கள் சொன்ன முடிவு செல்லாமல் போனது. நீதிபதி என்னைச் சபையில் நிறுத்தி, "பெக்வித்தம்மா, உங்க கை சும்மாவே இருக்காதா? பதினாலு வருஷமா எனக்குச் சோறு போட்ட கை, இப்ப சட்டத்துக்கே உலை வச்சிருச்சே!" என்றார். வரும் திங்கட்கிழமை மறுவிசாரணை அக்கரைப் புதுக் கட்டடத்தில் என்றும் உத்தரவிட்டார்.

3. ஐயா, பாலம் வெள்ளத்தில் போய் ஆறு மாதமாகிறது. அக்கரையில் தங்க ஒரு கட்டில்கூடக் கிடையாது. அவருக்கு எழுபத்தொரு வயது. குதிரைக்கு ஒரு கண் தெரியாது. தினமும் இரு வேளை அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும். ஆயுள் முழுவதற்குமான பதவி என்பதால், "கிழவர் ஆத்தோட போனாத்தான் நாற்காலி காலியாகும்" என்று என் கூடத்திலேயே ஒருவர் சிரித்தார். அவரை வெளியே அனுப்பிவிட்டேன்.

4. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூரிகள் மீது எனக்கு இரக்கமில்லை. இரண்டு நாள் பட்டினியில் அவர்கள் இளைத்துவிட மாட்டார்கள். ஆனால் ஜூரிகள் உண்ணாதவரை நீதிபதியும் ஒரு வாய் உண்பதில்லை. அது அவராக வைத்துக்கொண்ட விதி. நான் வைத்த கஞ்சி ஆறிப்போய்த் திரும்பி வந்தது. எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார். பசியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் வயிறு நிறைந்து சீக்கிரம் முடித்தால் இவர் சாப்பிடுவாரே என்றுதான் ஏணியில் ஏறினேன்.

ஆகவே, அக்கரைக் கட்டடத்துக்குக் கூரை இன்னும் முடியவில்லை என்று தாங்கள் அவருக்கு எழுதினால் போதும், அது பொய்யுமல்ல. விசாரணை நாட்களில் என் சமையலறைச் சாவியையும் ஏணியையும் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னைச் சிறையில் வைத்தாலும் சரி.

நான்காம் பத்தியை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டாதீர்கள். தம் பசியால் ஒரு வழக்கு கெட்டது என்று தெரிந்தால், ஆறு செய்யாததை அவரே செய்துவிடுவார். அன்றைக்கே பதவியை விட்டுவிடுவார்.

தங்கள் நல்ல பதிலுக்குக் காத்திருக்கும்,
டேமரிஸ் பெக்வித்

இடம்: ஆல்டர்ஃபோர்டு
நாள்: 13 அக்டோபர் 1808