வெள்ளைத் துணி கட்டிய செடிகள்

லிங்கராஜபுரம், பெங்களூரு
ஆகஸ்ட் 11, திங்கள்

அன்புள்ள வீணாவுக்கு,

நீயும் குழந்தையும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிருத்திகா என்று பேர் வைத்ததாக உன் வீட்டுக்காரர் நாகேஷ் அண்ணன் சொன்னார். எட்டாம் மாதத்தில் பிறந்தவள் மூன்று கிலோவைத் தாண்டிவிட்டாள் என்று கேட்டு மனசு நிறைந்தது. தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் கரைத்துக் கொடுக்கிறாய் என்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

உன் போன் கெட்டுப்போயிற்று. அம்மா வீட்டு நம்பர் அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பார். உன் கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்து அதிலிருந்த திருப்பத்தூர் விலாசத்துக்கு எழுதுகிறேன்.

மூன்று வருடமாக ஆராய்ச்சிக் காட்டில் என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ஏழிலைப்பாலைச் செடிகளில் பூச்சி முட்டையிட்டு உண்டாகும் இலைக்கொப்புளங்களை எண்ணுவது. பூச்சி வீட்டுக்கெல்லாம் சென்சஸா என்று நீ சிரிப்பாய். மஞ்சள் துணி கட்டிய செடிகளுக்கு உரம் போடுகிறோம், வெள்ளைத் துணிக்கு ஒன்றும் போடுவதில்லை. சத்தில்லாத மண்ணில் நிற்கும் அந்த வெள்ளைத் துணிச் செடிகளில்தான் இலைக்கு முப்பது நாற்பது கொப்புளம் இருக்கும்.

மார்ச்சில், பின் வேலியை ஒட்டிய வெள்ளைத் துணி வரிசையில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இலைகள் கை அகலத்துக்குக் கரும்பச்சையாக இருந்தன. துணியை மாற்றிக் கட்டிவிட்டாயா என்று எங்கள் பிரபா மேடம் கேட்டார். ஏப்ரலில் அடுத்த வரிசை. மே மாதம் அதற்கும் கீழே. ஏதோ ஒன்று மண்ணுக்கடியில் சரிவோடு இறங்கி வந்துகொண்டிருந்தது. ஜூலையில் உங்கள் குவார்ட்டர்ஸ் போர்வெல் பக்கத்துக் கடைசி வரிசையும் தழைத்துவிட்டது. பார்க்க அவ்வளவு அழகு. எனக்கு அதன் பக்கத்தில் நிற்கப் பிடிக்கவில்லை.

அந்த வாரம்தான் உன் பக்கத்து வீட்டுக் காந்தாவின் கைக்குழந்தைக்கு உதடும் நகமும் நீலமாகின. எந்தத் தண்ணீரில் பால் கரைக்கிறீர்கள் என்றுதான் டாக்டர் முதலில் கேட்டாராம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. அழுகை இன்னும் மெலிசாகத்தான் வருகிறது. அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

பிரபா மேடம் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். எருவிலும் கழிவிலும் இருந்து தண்ணீரில் இறங்கும் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டுமாம். நூற்று அறுபத்திரண்டு இருக்கிறது. காய்ச்சினாலும் போகாது, இன்னும் கூடத்தான் செய்யும் என்கிறார். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. பாட்டில் பால் குடிக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து.

நான் பின் வேலி வரை மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். பின் கேட்டுக்கு உள்ளே லாரி டயர் தடம், கறுப்புச் சேறு, மூக்கை வைக்க முடியாத நாற்றம். விடியற்காலையில் அபார்ட்மென்ட்டுகளின் செப்டிக் டேங்க் கழிவை அங்கே கொட்டியிருக்கிறார்கள். பூட்டு உடைபடவில்லை. எண்ணெய்கூடப் போட்டிருந்தது. அதற்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம் இருக்கிறது, மற்றது காவல் பார்க்கும் அண்ணனிடம்.

அண்ணனிடம் கேட்டேன். "காட்டுக்கு எருதானேம்மா, மரமெல்லாம் நல்லாத்தானே கீது" என்றார். பிறகு, "மாசமான ஆரம்பத்துலயே வீணா ஆஸ்பத்திரில கெடந்தப்போ, லாரிக்காரன் குடுத்த காசை வாங்காம நான் என்ன பண்ணட்டும், சொல்லு" என்றார். குழந்தைக்குக் கேன் தண்ணீராவது வாங்குங்கள் என்றேன். போர்வெல் தண்ணீரைப் பிடித்து என் எதிரிலேயே இரண்டு டம்ளர் குடித்துக் காட்டினார். தண்ணீரில் தப்பு என்று ஒப்புக்கொண்டால், அது எங்கிருந்து வந்தது என்றும் ஒப்புக்கொள்ள வேண்டுமே. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் தலையாட்டிவிட்டேன்.

இன்று பூட்டை மாற்றிவிட்டேன். ஆனால் இறங்கியது இறங்கியதுதான். மேலே கொட்டுவது நின்றாலும் தண்ணீர் தெளியப் பல வருடம் ஆகும் என்கிறார் மேடம்.

வெள்ளிக்கிழமை அண்ணன் உங்களை அழைத்து வரக் கிளம்புகிறார். வீட்டுக்கு வெள்ளையடித்து, நீ குனிந்து தூக்க வேண்டாமென்று போர்வெல் குழாயைச் சமையலறைக்குள்ளேயே இழுத்து வைத்திருக்கிறார். அவர் உன்மேல் வைத்திருக்கும் பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனால்தான் இன்னும் பயமாக இருக்கிறது.

வராதே வீணா. அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். அவரோடு சண்டை போடாதே. யார் சொன்னது என்று கேட்டால் என் பேரையே சொல், நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையின் உதடு எப்போதும் சிவப்பாகவே இருக்க மாதா காக்கட்டும்.

உன் அன்புத் தோழி,
டோரீன்