பொய்யில் மடித்த பொட்டலம்

அக்கா,

கல்லறைத் திருநாளுக்குக் கிளியனூர்ப் பக்கம் உன் ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு திரும்பினேன். மெழுகுவர்த்திப் புகையும் சாமந்தி வாசனையும் இன்னும் புடவையில் இருக்கின்றன. மடியில் கட்டிக்கொண்டு வந்த அவித்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். கடலையைத் தட்டில் கொட்டினேன். காகிதத்தை நீவி எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உன்னை வைத்து ஊர் செய்த காரியத்தின் மேல் கோபம். அதைவிட அதிகமாக என் மேல்.

தொண்ணூற்று மூன்றில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நீ மல்லாட்டை விற்றாய், நான் உன் பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றேன். உனக்கு எழுத்து தெரியாது. நான் அஞ்சாவது வரை படித்தவள். அந்த அஞ்சு வகுப்பை வைத்துக்கொண்டு நான் பண்ணிய பந்தாவுக்கு அளவில்லை. போர்டு பார்த்து பஸ் சொல்வேன், மருந்துச் சீட்டு படிப்பேன், யாருக்காவது கடிதம் வந்தால் அதையும் வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வேன். நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகவே நினைவில்லை. "ஏண்டி அஞ்சாங்கிளாஸ், இங்க வா, இதுல இன்னா போட்டுக்கிறான் பாரு" என்பாய்.

நீ நீட்டியது பொட்டலம் மடிக்கிற காகிதம். பழைய பேப்பர் கடையில் எல்லாரும் கைக்கு வந்ததை வாங்கினார்கள். நீ மட்டும் வாரப் பத்திரிகைகளைக் கேட்டு வாங்கினாய், அவற்றில் கட்டம் கட்டித் துணுக்கு போட்டிருப்பார்கள் என்பதற்காக. நான் துணுக்கைப் படித்துச் சொல்வேன். பிடித்திருந்தால் அந்தக் கட்டம் கிழியாமல், பொட்டலத்தின் முகத்தில் வருகிற மாதிரி தாளைக் கிழித்து மடிப்பாய். கடலை தீர்ந்த பிறகும் சனங்கள் காகிதத்தைக் கசக்கிப் போடாமல் படித்துக்கொண்டே போனது அந்த பஸ் ஸ்டாண்டில் உன் பொட்டலத்துக்கு மட்டும்தான். பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் ஒருவர் படியில் தொங்கிக்கொண்டே, "யக்கோவ், அந்த ஆக்டோபஸ் பொட்டலம் இருந்தா ஜல்தியா ஒண்ணு குடு" என்று கத்துவார். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று அதில் போட்டிருந்தது. நீ கொடுத்துக்கொண்டே, "ஏட்ல போட்டுக்கிறான் சார், நான் எண்ணிப் பாக்கல" என்பாய்.

பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விடமாட்டாய். வெட்டுக்கிளிக்கு வயிற்றில் காது என்று நான் ஒரு நாள் படித்ததும், "புளுவுறான்" என்றாய். மறுநாள் முந்தானையில் ஒரு வெட்டுக்கிளியை முடிந்துகொண்டு வந்தாய். இறக்கையை விலக்கிப் பார்த்தோம். வயிறு தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கண்ணாடித் தாள் ஒட்டியது போல வட்டமாக ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பழக்கடை, பூக்கடை எல்லாவற்றுக்கும் போய்க் காட்டிவிட்டு வந்துதான் அன்றைக்கு வியாபாரத்தைத் தொடங்கினாய்.

அப்புறம் அந்த மல்லாட்டைத் துணுக்கு. விற்காமல் திரும்பிய ஒரே பத்திரிகை கட்டாகக் கிடைத்ததால், ஒரே துணுக்கு நாற்பது தாளில் இருந்தது. நான் வெள்ளரிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்ததில் நீயே எல்லாவற்றையும் மடித்துக் கடலையும் நிரப்பி வைத்துவிட்டாய். சென்னை பஸ் வந்து நின்ற பிறகுதான் நான் படித்தேன். நிலக்கடலை வேரிலே காய்க்கும் கிழங்கு வகை என்று போட்டிருந்தது.

நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டாய். "எழுதுனவன் மல்லாட்டைய மூட்டையிலதான் பாத்துக்கிறான். பூ மேலதான பூக்குது. பூத்த பூவுலேர்ந்து விழுது எறங்கி மண்ணுக்குள்ள போயி காய்க்குது. நான் களை வெட்டாத மல்லாட்டையா?" என்று சொல்லிக்கொண்டே பொட்டலங்களைப் பிரித்துக் கடலையைக் குண்டானில் கொட்ட ஆரம்பித்தாய்.

"யக்கா, பஸ்சு கிளம்பப் போவுது. தின்னுட்டுத் தூக்கிப் போடுறதுதான, யாரு படிக்கப் போறாங்க?" என்றேன்.

"நீ படிச்சியே" என்றாய். "திங்கிற சாமானப் பொய்யில மடிக்கக் கூடாதுடி. பசிச்சவன் நிக்கட்டும்."

ஜன்னலில் நீண்ட கைகள் எல்லாம் உள்ளே போயின. பஸ்ஸும் போனது. நாற்பது தாளையும் நீ அடுப்புக்குப் போட்டாய். அன்றைக்கு உன்னைப் பைத்தியம் என்று நினைத்தேன்.

உன் மகள் ஸ்டெல்லா நர்ஸ் வேலைக்குப் போய் விழுப்புரத்தில் வீடு எடுத்தாள். உன்னையும் கூடவே அழைத்துக்கொண்டாள். வியாபாரத்தை விடச் சொல்லி அவள் கெஞ்சினாள். "ஊட்ல குந்திக்கினு இருந்தா கை காலு துரு புடிச்சிக்கும், நான் போறேன்" என்று தினமும் காலையில் பஸ் ஏறித் திண்டிவனம் வந்தாய். உன் நீல வயர் கூடையில் அவள் கட்டிக் கொடுத்த டிபன் கேரியர் இருக்கும். மூடியில் அவள் பெயர் வெட்டியிருக்கும். கீழ் அடுக்கில் சோறு, மேல் அடுக்கில் ஏதாவது பொரியல். பொரியலில் பாதி எனக்கு. கடைசியில் காய்ச்சலில் நாலு நாள் படுத்தாய். அந்த நாலு நாளும் அவள் லீவு போட்டு உன் பக்கத்திலேயே இருந்தாள். நான் வந்து பார்த்தவள், எனக்குத் தெரியும்.

நீ போய் இரண்டு வருடம் கழித்து என் பேத்தி எனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் போனவள் அவள். அதை யாரிடமும் சொல்லாமல் நான் ஒரு தெருவைக் கடந்ததில்லை. வாட்ஸ்அப் வந்ததும் எனக்குப் பழைய பந்தா திரும்பிவிட்டது. காலையில் எழுந்ததும் 'உங்களுக்குத் தெரியுமா' என்று பத்து வந்து நிற்கும். உன் பொட்டலம்தான் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். வந்ததை எல்லாம் எல்லாருக்கும் அனுப்பினேன். வெட்டுக்கிளியை மறந்துவிட்டேன் அக்கா.

ஒரு நாள் உன் படம் வந்தது. யாரோ பஸ்ஸுக்குள்ளிருந்து எடுத்தது. தலையில் முக்காடு, கையில் பொட்டலம், வெயிலுக்குச் சுருங்கிய கண். அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டேன். கீழே இரண்டு வரி தெரிந்தது: 'உங்களுக்குத் தெரியுமா? திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கடலை விற்கும் இந்த அம்மா யார் என்று...' அதற்கு மேல் விரலால் தொட்டால்தான் வரும். நான் தொடவில்லை. நீ யார் என்று எனக்குத் தெரியாதா என்ற திமிர். போனில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். ஸ்டெல்லாவுக்கும் அனுப்பினேன், 'உங்கம்மாவைப் பார்' என்று.

மூன்று நாள் அவள் போனை எடுக்கவில்லை. நாலாம் நாள் விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினேன். கதவைத் திறந்தவள் உள்ளே கூப்பிடவில்லை.

"இத அனுப்புனது நீங்கதான சின்னம்மா?"

"ஆமாம்மா. அக்கா போட்டோவாச்சேன்னு..."

"கீழ படிச்சீங்களா?"

அவள் போனை நீட்டினாள். வாசலில் நின்றபடி படித்தேன். உனக்கு வெளிநாட்டில் மூன்று மகன்களாம். உள்ளூரில் நல்ல வேலையில் ஒரு மகளாம். நாலு பேரும் சேர்ந்து உன்னைத் துரத்திவிட்டார்களாம். ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாமல் நீ கடலை விற்கிறாயாம். தாய்ப்பால் குடித்தவர்கள் பகிரவும் என்று முடித்திருந்தான்.

"வார்டுல ஒரு அம்மா இதக் காட்டி, இது உங்கம்மாதான, பெத்தவள இப்படியா விடுவேன்னு கேக்குறாங்க சின்னம்மா. கூட வேலை செய்றவங்க என்னப் பாத்தா பேச்ச நிறுத்திக்கிறாங்க. வெளியாளுங்க அனுப்புனா துடைச்சிப் போட்டுடுவேன். எங்கம்மா கூடவே குந்திக்கினு இருந்தவங்க நீங்க. நீங்களே அனுப்புனா அது நெசமாயிடாதா?"

அஞ்சு வகுப்புப் படித்து என்ன பயன்? உனக்காகப் படித்துச் சொல்வதுதான் என் வேலை. நீ இல்லாத இடத்தில் அந்த ஒரு வேலையைச் செய்யவில்லை.

படம் எடுத்தவனை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. உன் கையால் வாங்கித் தின்றிருப்பான். உன்னைக் கேட்காமல் படம் பிடித்தான். ஒரு கிழவி தன் இஷ்டத்துக்கு உழைக்கிறாள் என்று எழுதினால் ஓடாது என்று, உனக்கு மூன்று பிள்ளையைப் பெற்று வைத்து, பெற்ற ஒருத்தியை அரக்கி ஆக்கினான். படத்தில் உன் காலடியிலேயே அந்த நீலக் கூடை இருக்கிறது. கேரியரின் மூடி வெயிலில் மின்னுகிறது. ஒரு வேளைச் சோற்றுக்கு வழியில்லாதவள் காலடியில் அது ஏன் இருக்கிறது என்று பார்த்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தனை பேரும் கண்ணீர் விட்டார்கள், கை கூப்பினார்கள், அடுத்தவருக்குத் தள்ளினார்கள். பொய்யை அனுப்பிவிட்டுத் தாயை மதித்ததாக நினைத்துக்கொண்டார்கள். அதில் நானும் ஒருத்தி.

அன்று மாலையே ஒற்றை விரலால் எழுதினேன். 'உங்களுக்குத் தெரியுமா? இவருக்கு மகன்கள் கிடையாது. ஒரே மகள். சாகும்வரை மகள் வீட்டில்தான் இருந்தார். காலடியில் இருக்கும் நீலக் கூடையைப் பாருங்கள். அதில் இருப்பது மகள் கட்டிக் கொடுத்த சோறு. தாயும் மகளும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. பார்த்தது நான், பக்கத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்றவள்.' கீழே என் பெயரையும் தெருவையும் போட்டேன்.

பேத்தி படித்துப் பார்த்தாள். "ஆயா, இத யாரும் ஃபார்வர்டு பண்ண மாட்டாங்க. சோகமா இருந்தாத்தான் போவும்" என்றாள்.

"எங்க அக்கா வயிறாரத் தின்னா அது உங்களுக்குப் பத்தலையா?" என்று கேட்டேன்.

பேத்தி சொன்னதுதான் நடந்தது. நான் அனுப்பியவர்களில் நாலைந்து பேர் கட்டை விரலைக் காட்டினார்கள். ஒருவரும் மேலே அனுப்பவில்லை. பொய் மட்டும் ஊர் சுற்றியது. அடுத்த வருடம் அதே படம் வேறு ஊர் பஸ் ஸ்டாண்ட் என்று திரும்பி வந்தது. வரும் ஒவ்வொரு முறையும் அனுப்பியவருக்கு என் எழுத்தைத் திருப்பி அனுப்புகிறேன். சிலர் என்னை பிளாக் செய்துவிட்டார்கள். செய்யட்டும்.

இன்றைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு ஸ்டெல்லா ஒரு குண்டான் மல்லாட்டை அவித்துக் கொண்டு வந்திருந்தாள். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்க. என் எழுத்தை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மடித்து வைத்திருந்தாள். மடிப்பு உன்னுடையதுதான்.

"சின்னம்மா, ஒரு தடவ படிச்சிடுங்க" என்று ஒன்றை நீட்டினாள்.

படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றேன். நான் எழுதிய வரிதான். வாட்ஸ்அப்பில் எத்தனையோ முறை அனுப்பியும் கண்ணில் படாதது, பொட்டலத்தில் பார்த்ததும் உறுத்தியது.

"ஸ்டெல்லா, நீயும் அக்காவும் சண்டையே போட்டதில்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். "தெனமும்தான். வேலைக்குப் போவாதன்னு நான் கத்துவேன். கேரியர எட்த்துக்கினு அது கத்திக்கினே பஸ் ஏறும்."

"அப்ப ஏம்மா இத மடிச்ச?"

"நல்லா இருக்குதேன்னு விட்டுட்டேன்."

"எனக்கும் நல்லா இருக்குதேன்னுதான் எழுத வந்துச்சி. பிரி எல்லாத்தையும்."

"ஆளுங்க வந்து நிக்கிறாங்க சின்னம்மா."

"நிக்கட்டும்."

உன் கல்லறை மேடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நான் அந்த வரியை அடித்தேன். அவள் பேனாவால் மேலே எழுதினாள்: 'தினமும் சண்டை போடுவார்கள். சோறு மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை.' நாற்பது, ஐம்பது தாள் இருக்கும். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டார்கள். எழுதும்போது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வாங்கிப் போனவர்கள் கடலையை உரித்துக்கொண்டே படித்தார்கள். ஓர் அம்மா திரும்பி வந்து, "எங்கூட்டுலயும் இதே பேஜாருதான்" என்று ஸ்டெல்லாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அந்தத் தாள்தான் இப்போது என் எதிரில் இருக்கிறது. இன்னொரு முறை முழுதும் படித்துவிட்டேன். இனிமேல்தான் கடலையைத் தின்னப் போகிறேன். ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன், உப்பு கொஞ்சம் தூக்கல். தின்று பார்க்காமலே, உன் கைப் பக்குவம் அப்படியே இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நாளைக்குப் போன் போட்டுத் திருத்திச் சொல்ல வேண்டும்.

உன்,
அஞ்சாங்கிளாஸ்