இருமிய தவளை

ஜூன் 4
மழை இல்லை. மகள் விடிந்ததும் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பல்கலைக்கழகத்தில் தவளை, பாம்பு, பல்லி பற்றிப் பாடம் நடத்துகிறவள்.
"டாக்டரம்மா, இன்னிக்கு யாரு நோயாளி?"
"பச்சையா, பெரிய வாயா ஒருத்தர்ப்பா. உங்க ஜாடை."
பதிலுக்குப் பதில். என் ரத்தம்.

ஜூன் 9
குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற குளத்தை மூடி வண்டி நிறுத்தப்போகிறார்களாம். அதில் கட்டைவிரல் அளவு ஒரு தவளை ஜாதி இருந்தது, வேறெங்கும் கிடையாது. வெயில் ஏறி, மழை தப்பி, சில வருஷமாகக் குரலே இல்லை. உயிரோடு இருக்கிறது என்று, முடிவெடுக்கிற பல்கலைக்கழகக் கூட்டத்தில் காட்டினால் குளம் தப்பும். கரை மரத்தில் ஒரு ஒலிப்பதிவுப் பெட்டியைக் கட்டியிருக்கிறாள். சமைக்கும்போதுகூட அந்தத் தவளையின் பழைய குரல்பதிவை ஓடவிடுகிறாள். ட்ரிக், ட்ரிக், ட்ரீ. எனக்கே மனப்பாடம்.

ஜூன் 13
மத்தியானத் தூக்கத்தில் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருந்தேன். வானம் வெள்ளித்தட்டு மாதிரி தலைக்குமேல் மிதந்தது. யாரோ கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாய் திறந்தால் குமிழி, குமிழி.

ஜூன் 15
சாயங்காலம் தூறல். குளத்துப் பக்கம் போனேன். பெட்டி சிவப்புக் கண்ணால் என்னையே பார்த்தது. அதன் காதில் ரகசியம் சொல்கிற மாதிரி கூப்பிட்டேன் — ட்ரிக், ட்ரிக், ட்ரீ. அசல்! கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஜூன் 17
சிரிக்கவில்லை. "இருக்குப்பா! இன்னும் இருக்குப்பா!" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அது நான்தான் என்று சொல்லாமல் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

ஜூன் 18
சோறு இறங்கலை. கூட்டத்துல போய் இவ நின்னு, எவனாவது கண்டுபிடிச்சுட்டா? இத்தனை வருஷப் படிப்பையும் சிரிப்பாச் சிரிக்க மாட்டானுங்களா? என் நாக்குல சூடு வைக்கணும்.

ஜூன் 19
துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.
"அம்மாடி, அந்தத் தவளை நான்தான்."
"தெரியும்ப்பா."
"எப்படி?"
"நடுவுல இருமிச்சு. அப்புறம் 'சனியன் பிடிச்ச கொசு'ன்னு திட்டுச்சு. தவளை கொசுவைத் திட்டாதுப்பா, திங்கும்."
"பின்னே எதுக்குடி அழுதே?"
ஹெட்போனை என் காதில் மாட்டினாள். என் கூப்பாடு. இருமல். கொசு. பிறகு வெறும் தூறல். பிறகு தூரத்தில், கனவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ட்ரிக்... ட்ரிக்... ட்ரீ.
உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.
"எனக்கா பதில் சொல்லுது?"
"தூறலுக்குச் சொல்லுது. ரொம்ப மிதக்காதீங்க."
"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"
"நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன். வீடும் உங்க சத்தமில்லாம ரெண்டு நாள் நிம்மதியா இருந்துச்சு."

ஜூன் 27
கூட்டம் முடிந்தது. பதிவை வெட்டாமல் முழுசாகப் போட்டாளாம். "முதல்ல வர்றது எங்கப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாளாம். இருமலுக்கு எல்லாரும் சிரித்தார்களாம். அந்தக் குரல் வந்ததும் ஒருத்தரும் அசையவில்லையாம். முடிவு பிறகு சொல்வார்களாம்.

ஜூலை 2
மழை வருமா?

ஜூலை 11
நல்ல மழை. குளம் தப்பியது. கரையில் புதுப் பலகை நட்டிருக்கிறார்கள்: 'சத்தம் போடாதீர்கள்'. உங்களுக்காகத்தான் எழுதச் சொன்னேன் என்கிறாள். ஒரே குடையில் இரண்டு பேரும் நின்றோம். நான் வாயே திறக்கவில்லை. நாணலுக்குள் ஒன்று கூப்பிட்டது. எதிர்க்கரையில் இன்னொன்று பதில் சொன்னது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.
இரண்டுமே நான் இல்லை.