செங்கேயின் எடை

சோல்னோக்,
நவம்பர் 19

லெவென்டேவுக்கு,

நீ நலமாக இருப்பாய். இங்கே நலமில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியிலேயே என்னை வெட்டிவிட்டு நீ பேசத் தொடங்கிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் செங்கே மருத்துவமனையில் இருக்கிறாள். உயிருக்கு ஆபத்தில்லை. பயப்படாதே என்று எழுத வந்தேன். வேண்டாம், கொஞ்சம் பயப்படு.

சனிக்கிழமை வாட்டர் போலோ ஆட்டம். எதிரணி கோலுக்கு முன்னால் பந்துக்காகக் காத்திருந்தவள் திடீரென்று தண்ணீருக்குள் போய்விட்டாள். அவளருகில் இருந்த அந்த அணிப் பெண் அமுக்குகிறாள் என்றுதான் நினைத்தோம். "அமுக்குறா பாரு! விசில் ஊதுய்யா, கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று நம் பக்கம் முழுக்கக் கத்தல். நானும் கத்தினேன். அந்தப் பெண்தான் செங்கேயின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "மயங்கிட்டா, யாராவது வாங்களேன்!" என்று அழுதாள்.

கோடையிலிருந்தே அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருக்கிறது. என்னிடம்கூட மறைத்திருக்கிறாள். டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, "தண்ணியில காலை ஒரு நிமிஷம் நிறுத்த முடியாத ஆட்டம் இது. இவளுக்கு மத்த பொண்ணுங்களைவிட ரெண்டு பங்கு சாப்பாடு வேணும். பாதிகூட சாப்பிடல. மிச்சத்த உடம்பு எங்கேர்ந்து எடுக்கும்? எலும்புலேர்ந்துதான்" என்றார்.

ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை. சிறு வயதில் மூச்சிரைத்து இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கியவள் அவள். குளத்தில் இறங்கிய பிறகு அந்த இரைப்பு அடங்கியது. தோள் விரிந்தது, நன்றாகத் தூங்கினாள், பள்ளியில் நிமிர்ந்து நடந்தாள். அவளுக்கு அதையெல்லாம் கொடுத்தது இந்தத் தண்ணீர்தான்.

எடுத்துக்கொண்டது நீ. நீ ஆடிய நாளில் பயிற்சி முடிந்து வந்து, பாலாடைக்கட்டியும் பன்றிக்கொழுப்பு வறுவலும் போட்ட நூடுல்ஸை ஒரு சட்டி காலி செய்து, ரொட்டியால் சட்டியையும் துடைத்துத் தின்பாயே, அப்போது உன்னை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? ஆனால் ஞாயிறுதோறும் உன் மகள் கேமரா முன்னால் எடை மெஷின்மேல் ஏறி நிற்கவேண்டும். "இன்னும் ரெண்டு கிலோ செல்லம், அப்புறம் பாரு, இங்க கிரீஸ்ல எல்லாரும் வாயப் பொளப்பானுங்க" என்று நீ சொன்னது அடுப்படியில் நின்ற என் காதிலும் விழுந்தது. "வளர்ற பொண்ணு" என்றேன். "நீ ஆடியிருக்கியா? உனக்கு என்ன தெரியும்?" என்றாய்.

மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" இல்லையென்றேன். "சொல்லாதம்மா. சொன்னா என்னைக் கூப்பிடமாட்டாரு. எடை சரியாயிட்டா அங்கேயே வந்து அவர்கூட இருந்துக்கலாம்னு சொல்லியிருக்காரு" என்றாள். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே நீ பயிற்சி கொடுக்கும் அணியில் இடம் கிடைக்கத்தான் பட்டினி கிடக்கிறாள் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன்.

பயிற்சியாளர் மாக்டா, டாக்டர் சொல்லும்வரை குளத்தின் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சூப்பை வைத்தால், "இதுல எண்ணெய் எவ்வளவு?" என்று கேட்கிறாள் உன் மகள். தண்ணீரில் அவளைத் தூக்கிய அந்த எதிரணிப் பெண் ஹங்கா நேற்று கசகசா ரொட்டியோடு வந்தாள். "உன்னைத் தூக்கினேனே, கனமே இல்ல. எங்க வீட்டுப் பூனை உன்னைவிட வெயிட்டுடி" என்று சொல்லிக்கொண்டே பாதியைத் தானே தின்றாள். செங்கே சிரித்தாள். சிரித்தபடி ஒரு துண்டைத் தின்றுவிட்டாள். நான் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளோடு வாழ விருப்பமிருந்தால், இருக்கிற எடையோடு, ஆடினாலும் ஆடாவிட்டாலும், வா என்று கூப்பிடு. நானே ரயிலேற்றி அனுப்புகிறேன், தடுக்கமாட்டேன். விருப்பமில்லையென்றால் அதையும் நீயே உன் வாயால் அவளிடம் சொல். உனக்காக நான் சொல்லமாட்டேன். நடுவில் அந்த மெஷினை வைத்துக்கொண்டு மட்டும் பேசாதே.

அங்கே உனக்கு மகன் பிறந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். செங்கேவுக்கு இன்னும் தெரியாது. அந்தக் குழந்தை பசித்தபோதெல்லாம் வயிறாரச் சாப்பிட்டு வளரட்டும். எவ்வளவு வளர்ந்தாலும் நீ அவனைத் தூக்கிக்கொள்ளவேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

செங்கேயின் அம்மா,
எனிகோ